தைப்பிங்கில் அப்போது மணி எட்டு நாற்பது

வியாழக்கிழமை என்று சொல்கிறது. நான் பிறந்தது வியாழக்கிழமை, அம்மா சொல்லி எப்போதோ தெரிந்த சங்கதிதான், ஆனாலும் கைப்பேசி அதைப் புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி வண்ணக் காகிதம் தூவிக் காட்டுகிறது, இந்த நிமிஷத்தில் உங்கள் வயது நாற்பத்தெட்டு வருஷம் மூன்று மாதம் பத்தொன்பது நாள், மொத்தம் பதினேழாயிரத்து அறுநூற்று நாற்பத்து மூன்று நாள், அதில் மூன்றில் ஒரு பங்கைத் தூங்கிக் கழித்துவிட்டீர்கள், கிட்டத்தட்ட அறுநூறு பௌர்ணமி உங்கள் தலைக்கு மேலே வந்து போயிருக்கிறது, அடுத்த பிறந்தநாள் செவ்வாய்க்கிழமை. தலைக்கு மேலே இப்போது இருப்பது பௌர்ணமியல்ல, சாயம். பூசிக் கொஞ்ச நேரம்தான் ஆகிறது, காது ஓரம் குளிர்கிறது, கழுத்தில் ஒரு சொட்டு இறங்குகிற மாதிரி இருக்கிறது, தொட்டால் கை கறுக்கும், தொடாவிட்டால் கழுத்து கறுக்கும். கையுறையில் ஒரு விரலை மட்டும் கிழித்து வெளியே விட்டிருக்கிறேன், அந்த ஒற்றை விரலால்தான் இந்த ஆராய்ச்சி எல்லாம். மாடிப்படியில் நிழல் இரண்டு படி அளவுக்குத்தான் இருக்கிறது, கீழே சித்தியின் வீட்டில் மீன் பொரிகிற வாசனை. காலையில் வைரவன் இந்தக் கணக்கை எனக்கு அனுப்பியிருந்தார், தன்னுடையதையும் போட்டுப் பார்த்து, ஐம்பத்து மூன்று வருஷம், பிறந்த கிழமை சனி, கடை வியாபாரம் ஏன் இப்படி இருக்கிறது என்று இப்போதுதான் விளங்குகிறது என்று எழுதியிருந்தார். நான் பதிலுக்கு என்னுடையதைப் போட்டுப் பார்க்கிறேன், நாலு மணி வரை வேறு என்ன செய்வது, நாலு மணிக்கு அவருடைய அம்மா கல்யாண விஷயமாக என்னோடு பேசப் போகிறார். நாற்பத்தெட்டு. இல்லை, இந்த ஊர்க் கணக்கில் நாற்பத்தொன்பது நடக்கிறது. மலாயாவில், தைப்பிங்கில் மலாய்ப் பள்ளியில் வயது கேட்டால் முடிந்த வருஷத்தைச் சொல்வோம், இங்கே நடக்கிற வருஷத்தைச் சொல்கிறார்கள், புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் பெட்டியோடு இறங்கிய அன்றைக்கே எனக்கு ஒரு வயது கூடிப்போயிற்று. திரும்பி வந்தவள் என்கிறார்கள் என்னை. பிறக்காத ஊருக்குத் திரும்பி வந்தவள். அப்பா திரும்பினார், அது சரி, அவர் இந்த வீட்டில் பிறந்தவர், மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் அவருடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூட வந்தவள், போன வருஷம் அவர் போய்விட்டார், பெட்டியும் நானும் மாடியில் இருக்கிறோம்.

நாலு மணிக்குச் சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. ஆயில்யம். அந்த நட்சத்திரத்தில் பிறந்த பெண் மருமகளாக வந்தால் மாமியார் தங்க மாட்டாள் என்று ஒரு நம்பிக்கை, யார் எப்போது கட்டியதோ, இருபத்தேழு நட்சத்திரத்தில் நாலைந்தைப் பிடித்துப் பெண்கள் தலையில் வைத்துவிட்டார்கள், ஒன்று மாமனாருக்கு ஆகாது, ஒன்று மாமியாருக்கு, ஒன்று மைத்துனனுக்கு, ஆண்பிள்ளை எந்த நட்சத்திரத்தில் பிறந்தாலும் மாமியார் சௌக்கியமாக இருக்கிறாள், அது எப்படி என்று கேட்டால் சித்தி காதைப் பொத்திக்கொள்கிறாள். என் அம்மாவுக்கும் ஆயில்யம். பாக்கியம் என்று பெயர். அறந்தாங்கியிலிருந்து இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த பதினோராம் நாள் அப்பாவின் அம்மா வாந்திபேதியில் போய்விட்டாள். ஊரில் அந்த வருஷம் வாந்திபேதியில் போனவர்கள் எத்தனையோ பேர், அத்தனை வீட்டுக்குமா அம்மா மருமகளாகப் போனாள்? கேட்க ஆள் இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, அழுது ஓய்ந்த பெண்கள் எல்லாரும் ஒரு பக்கமாக உட்கார்ந்து அம்மாவைப் பார்த்தார்களாம், வெறுமனே பார்த்தார்களாம், யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அம்மா அதைச் சொல்லும்போது பார்த்தார்கள் என்ற இடத்தில் நிறுத்திவிடுவாள். அப்பா அவளைக் கப்பலேற்றித் தைப்பிங்கில் தன் மாமா வைத்திருந்த மளிகைக் கடைக்குக் கூட்டிப் போனார். அப்புறம் அவள் இந்த வீட்டுப் படியை மிதிக்கவே இல்லை, அங்கேயே போய்ச் சேர்ந்தாள். இந்தப் படி. நான் இப்போது சாயத் தலையோடு உட்கார்ந்திருக்கிற படி. நான் பிறந்ததும் அப்பா நாளும் நேரமும் எழுதி இந்த ஊர் ஜோசியருக்கு அனுப்பினார், மாசி மாதம், வியாழன், காலை எட்டு நாற்பது, பதில் வந்தது, தாயின் நட்சத்திரமே மகளுக்கும். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்க்கும்போது அம்மா என் உச்சியில் உள்ளங்கையை வைத்து அழுத்தி, என்னோடது உனக்கு வந்துருச்சு என்பாள், மூக்கையோ நிறத்தையோ சொல்கிற மாதிரி. நல்லெண்ணெய் இப்படித்தான் காது ஓரம் குளிரும். இருபத்து மூன்று வயதில் சுங்கைப்பட்டாணியில் ஒரு வாத்தியார் வீட்டில் ஜாதகத்தைத் திருப்பித் தந்தார்கள், முப்பத்தொன்றில் ஒரு மருந்துக்கடைக்காரர், அவருடைய அம்மா ஏற்கெனவே ஆஸ்பத்திரியில் இருந்தாள், நான் வேறு வேண்டுமா என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கும். பிறகு யாரையும் கேட்க விடவில்லை. கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர் வேலை, தமிழில் அழுகிறவர்களை மலாயில் நிதானமாகச் சொல்கிற வேலை, சொந்தமாக ஒரு வீடு, ஒரு பழைய கார், மழை, தைப்பிங்கில் எப்போதும் மழை. நன்றாகத்தான் இருந்தேன். யாரும் பாவம் என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே நன்றாக இருந்தேனோ, அதுவும் இருக்கும், எதற்காக இருந்தால் என்ன, இருந்தேன்.

வைரவன் என்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன் என்று சித்திக்குக் கோபம், அவரு இவருன்னு சொல்லுடி, ஊரு சிரிக்கும் என்கிறாள், சொல்லிவிட்டுத் தானே சிரிக்கிறாள். கீழராஜவீதியில் கண்ணாடிக்கடை வைத்திருக்கிறார். மனைவி இறந்து ஒன்பது வருஷம், பிள்ளை இல்லை. போன ஐப்பசியில் எழுத்து மங்குகிறது என்று போனேன், நாற்காலியில் உட்கார வைத்து ஒவ்வொரு சில்லாக மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா, இது தெளிவா, என்று கேட்டுக்கொண்டே வந்தவர் கடைசியில், வெள்ளெழுத்து வந்தாச்சுங்க, வாழ்த்துகள் என்றார். யாராவது அதற்கு வாழ்த்துச் சொல்வார்களா. வீட்டுக்கு வந்து கண்ணாடியில் என் முகத்தை அந்தப் புதுக்கண்ணாடி போட்டுப் பார்த்தேன், கோடெல்லாம் தெரிந்தது, பரவாயில்லை என்று தோன்றியது. அடுத்த வாரம் காது இறுக்குகிறது என்று போனேன், இறுக்கவில்லை. அதற்கடுத்த வாரம் அவரே காம்பு தளர்ந்திருக்கும் வாங்க என்று சொல்லி அனுப்பினார், தளரவில்லை. கல்யாணம் என்ற வார்த்தையை முதலில் யார் சொன்னோம் என்று இரண்டு பேருக்கும் ஞாபகம் இல்லை. அவருடைய அம்மா சௌந்தரம்மாளுக்கு எண்பத்திரண்டு வயது, ஜாதி பார்க்கவில்லை, மலாயாக்காரி என்று பார்க்கவில்லை, ஐம்பதை நெருங்குகிறவள் என்றுகூடப் பார்க்கவில்லை, பொண்ணுக்கு என்ன நட்சத்திரம் என்று மட்டும் கேட்டாராம். ஆடி பிறப்பதற்குள் தெரிய வேண்டும் என்றாராம். வைரவன் கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, ரோகிணின்னு சொல்லிருங்க, யாரு போயி வானத்துல பாக்கப் போறா என்றார். நான் பொய் சொல்ல மாட்டேன் என்றேன். பொய் இல்லீங்க, மாத்திரை மாதிரி, அம்மாவுக்கு ரத்தக்கொதிப்பு இருக்கு என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன், குடையை மறந்துவிட்டு. சத்தியம் வாங்கிக்கொண்டு மொழிபெயர்த்தவள் நான், சாட்சி சொன்னதற்கு மேலே ஒரு சொல் சேர்க்கக் கூடாது, ஒரு சொல் விடக் கூடாது, அதெல்லாம் சரி, அது மட்டும்தானா. உள்ளே ஒரு இடம் இருக்கிறது, அங்கே போனால் ஒரு முள் இருக்கிறது, ஒருவேளை என்கிற முள். ஒருவேளை நான் போய் அந்த வீட்டில் பால் காய்ச்சி, பதினோராம் நாள், அந்த அம்மா குளியலறையில் வழுக்கி. எண்பத்திரண்டு வயதில் யாரும் எங்கேயும் வழுக்குவார்கள். ஆனால் பார்ப்பார்கள். எல்லாரும் ஒரு பக்கமாக உட்கார்ந்து பார்ப்பார்கள். வைரவன் பார்ப்பாரோ, ஒரு கணம், கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற சாக்கில். இதைத்தான் நினைக்கக் கூடாது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன், பதினேழாயிரம் நாள், அறுநூறு பௌர்ணமி, எண் என்றால் மனசு கொஞ்சம் உட்காருகிறது.

இன்னும் கீழே இழுத்தால் இன்னும் இருக்கிறது. உங்கள் தமிழ் வருஷம் நள. உங்கள் பிறந்த கல். உங்கள் நட்சத்திரம் அறிய பிறந்த நேரமும் ஊரும் தருக. தெரியும், எனக்கு எதற்கு, ஆனாலும் விரல் சும்மா இருக்கவில்லை, எட்டு நாற்பது என்று போடுகிறேன், ஊர் என்ற இடத்தில் தைப்பிங் என்று பாதி அடிக்கும்போதே அது முழுசாகக் காட்டுகிறது, தொடுகிறேன். பூசம். உங்கள் நட்சத்திரம் பூசம். தப்பாக அடித்துவிட்டேன், கண்ணாடி போடவில்லை, எட்டு மூன்று மாதிரித் தெரியும், மறுபடி அடிக்கிறேன், பூசம். வியாழக்கிழமையும் பூசமும் கூடிப் பிறந்தவர் பாக்கியசாலி என்று ஒரு வரி வேறு. சரி, இந்த இயந்திரத்துக்கு என்ன தெரியும், ஊரைப் புதுக்கோட்டை என்று மாற்றுகிறேன், அதே நாள், அதே எட்டு நாற்பது. ஆயில்யம். தைப்பிங், பூசம். புதுக்கோட்டை, ஆயில்யம். சாயம் கழுத்தில் இறங்கிவிட்டது, இறங்கட்டும். எனக்கு நாலு வயதாக இருக்கும்போது ஒரு வருஷப் பிறப்பன்று அப்பா நாற்காலி மேல் ஏறிக் கடைக் கடிகாரத்தின் முள்ளை அரைமணி முன்னால் தள்ளினார், நாடு முழுக்க அன்றைக்குத் தள்ளினார்கள், எங்கேப்பா போச்சு அந்த அரைமணி என்று நான் அழுதேனாம், இந்தியாவுக்குப் போயிருச்சு என்றாராம் அப்பா. இந்தியாவுக்கு. அப்பாவுக்குத் தெரியும், தைப்பிங் கடிகாரம் இங்கே உள்ளதைவிட இரண்டு மணி நேரம் முன்னால் ஓடும் என்று தெரியும், தந்தி அடிக்கும்போதெல்லாம் அந்தக் கணக்கைப் போட்டவர்தான், மகள் பிறந்த சந்தோஷத்தில் வெறும் எட்டு நாற்பது என்று எழுதினார், ஜோசியரும் தன் வீட்டுச் சுவர்க் கடிகாரத்து எட்டு நாற்பதாக அதை எடுத்துக்கொண்டார். நான் வெளியே வந்து முதல் தடவை கத்தியபோது இந்த ஊரில் மணி ஆறு நாற்பது, வாசல் தெளிக்கிற நேரம், நிலா இன்னும் பூசத்தில் இருந்திருக்கிறது, அந்த இரண்டு மணி நேரத்துக்குள்தான் அது ஆயில்யத்து எல்லைக் கோட்டைத் தாண்டியிருக்கிறது. நாற்பத்தெட்டு வருஷம். சுங்கைப்பட்டாணி வாத்தியார். மருந்துக்கடைக்காரர். அம்மாவின் உள்ளங்கை. யாரும் செய்த தப்பில்லை, கடல் தாண்டிப் போன கடிகாரத்தைத் திருப்பி வைக்க மறந்தார்கள், அவ்வளவுதான், சிரிப்பு வருகிறது, சிரித்தால் சாயம் கண்ணில் விழும்.

வைரவனுக்கு இரண்டு ஊர்க் கணக்கையும் திரையோடு படமெடுத்து அனுப்பினேன். அனுப்பிய கையோடு கூப்பிட்டார். காதில் வைக்க முடியாது, ஒலிபெருக்கியில் போட்டேன், கீழே மீன் சத்தம் சட்டென்று அடங்கியது, சித்தி அடுப்பைத் தணித்துவிட்டாள். அவர் குரல் இளைஞன் குரல் மாதிரி இருந்தது. அப்புறம் என்னங்க, முடிஞ்சு போச்சு, பூசம்னு சொல்லிருங்க, பொய்கூட இல்லை, இதைவிட வேறென்ன வேணும் என்றார். நான் ம் என்றேன். குருபூசம்ங்க, அம்மா தேங்காய் உடைப்பாங்க, என்றார். வாடிக்கையாளர் வந்துவிட்டார் போலிருக்கிறது, வச்சிடறேன் வச்சிடறேன், நாலு மணிக்கு மறக்காதீங்க. விடுதலை. வாசித்தாயிற்று தீர்ப்பு. தைப்பிங் கோர்ட்டில் இரண்டு பேரை ஒரே வழக்கில் நிறுத்தினார்கள் ஒரு தடவை, ஒரே தோட்டத்தில் ஒன்றாக வளர்ந்தவர்கள், சம்பவம் நடந்த அன்று ஒருத்தன் வேறு ஊரில் இருந்தான் என்று ரசீதோடு நிரூபணமானது, அவனுக்கு விடுதலை என்று நான்தான் தமிழில் சொன்னேன். அவன் கூண்டின் கதவைத் திறந்து, படி இறங்கி, சட்டையைச் சரி செய்துகொண்டு நடந்தான். பக்கத்தில் நின்றவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் மறுபடி பிடித்துக்கொள்வார்களோ என்று பயந்தவன் மாதிரி. உள்ளே நின்றவன் இவனுடைய முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான், அதை மொழிபெயர்க்க என்னை யாரும் கேட்கவில்லை. நான் சம்பவ தினத்தன்று வேறு ஊரில் இருந்தேன், ஐயா. நான் பூசம், ஐயா. அப்படிச் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம்? ஆயில்யம் குற்றந்தான், ஆனால் அது நானில்லை என்று அர்த்தம். அம்மா அறந்தாங்கியில் பிறந்தவள், அவளுடைய கடிகாரம் கடல் தாண்டவில்லை, அவளுடைய ஆயில்யம் அசல் ஆயில்யம். நான் சட்டையைச் சரி செய்துகொண்டு இறங்கிப் போய்விட்டால் அவள் தனியாக நிற்பாள், என்னோடது உனக்கு வந்துருச்சு என்று சொல்லக்கூட ஆளில்லாமல். வேண்டாம். அந்தக் கோட்டைத் தாண்டிய நிலாவும் தாண்டாத நிலாவும் எனக்கு வேண்டாம். வாந்திபேதிக்குக் குடித்த தண்ணீர் காரணம், எண்பத்திரண்டு வயதில் வழுக்கி விழுந்தால் தரை காரணம், அதைச் சொல்ல நான் நல்ல நட்சத்திரத்தில் பிறந்திருக்க வேண்டுமா? இதே வாயால் சொல்கிறேன், இதே தலையோடு. பிறகு பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். வைரவன் வேண்டும் எனக்கு. அதையும் சொல்லிவிடுகிறேன் இந்தப் படிக்கு, வேண்டும், காது இறுக்காத கண்ணாடியைச் சரி செய்ய இன்னும் இருபது வருஷம் போக வேண்டும் நான் அந்தக் கடைக்கு. ஆனால் நுழைவதானால் அம்மா எந்த வாசலில் நிறுத்தப்பட்டாளோ அந்த வாசல் வழியாக. பொய் சொல்ல மாட்டேன் என்றவள் இப்போது சொல்லப் போவது என்ன என்று உள்ளே இருக்கிற மொழிபெயர்ப்புக்காரி எழுந்து நிற்கிறாள், இரு, உனக்கும் தப்பில்லாமல் ஒரு வாக்கியம் வைத்திருக்கிறேன்.

மணி இன்னும் நாலாகவில்லை, அதற்குள் கைப்பேசி அடிக்கிறது. சௌந்தரம்மாள் குரல் நான் நினைத்த மாதிரி நடுங்கவில்லை. என்னத்தா பண்றே என்று ஆரம்பித்தார். தலைக்குச் சாயம் அடிச்சுட்டு உட்கார்ந்திருக்கேன்மா என்றேன், நல்லா அடி, நான் அறுபதுலதான் விட்டேன் என்றார். கீழே சித்தியின் வளையல் சத்தம் படிக்கட்டுப் பக்கமாக வந்து நின்றது. அவனைக் கேட்டா கண்ணாடியைத் தொடைச்சுக்கிட்டே இருக்கான், வாயைத் தொறக்க மாட்டேங்கிறான், நீயே சொல்லு ஆத்தா, என்ன நட்சத்திரம் என்றார்.

"ஆயில்யம்னுதான்மா இத்தனை வருஷம் இருந்திருக்கேன்."

அந்தப் பக்கம் ஒரு மின்விசிறி கடகடவென்று சுற்றுவது கேட்டது.

"அது மாமியாருக்கு ஆகாதுன்னு சொல்லுவாக. தெரியுமில்ல?"

"தெரியும்மா. எங்கம்மாவுக்கும் ஆயில்யம். அவங்க கல்யாணமாகி வந்த பதினோராம் நாள் எங்கப்பாவோட அம்மா வாந்திபேதியில போயிட்டாங்க. பழி எங்கம்மாமேல விழுந்துச்சு. அவங்க ஒன்னும் பண்ணலை. நானும் பண்ண மாட்டேன். ஆனா உங்களுக்கு எப்ப என்ன ஆனாலும் என்னைத்தான் சொல்லுவாங்க, அதுக்கு நான் தயார்."

"எனக்கு எண்பத்திமூணு நடக்குது ஆத்தா," என்றார் சௌந்தரம்மாள். "எனக்குப் பயமா இருக்கு. அதை மறைக்க மாட்டேன்."

"எனக்கும்தான்மா பயமா இருக்கு."

எங்கோ ஒரு டம்ளரை வைக்கிற சத்தம். போனை வைத்துவிட்டார் என்று நினைத்தேன், என் ஒற்றை விரல் சிவப்புப் பொத்தான் மேல் போய்விட்டது, அப்போது, அந்த அம்மா கெட்டவங்களா, உங்கப்பாவைப் பெத்தவுக, என்று கேட்டார். தெரியலைம்மா, பதினோரு நாள்தான் எங்கம்மாவுக்குத் தெரியும், அம்மாவுக்கு ஒரு தடவை தலை வாரி விட்டாங்களாம் என்றேன். இதை யாரிடமும் சொன்னதில்லை, எனக்கே இப்போதுதான் ஞாபகம் வருகிறது, அம்மா அதைச் சொன்னபோது நான் கவனிக்காத மாதிரி இருந்தேன். ம் என்றார் அவர். நீளமான ம். பிறகு, புதன்கிழமை வா என்றார். செவ்வாய்க்கிழமை வேணாம், புதன்கிழமை பத்தரைக்கு மேல. வர்றப்ப என் கண்ணுக்குப் போடுற சொட்டு மருந்தை அவன்கிட்ட வாங்கியாந்துரு, ரெண்டு நாளா சொல்றேன், கடை வச்சிருக்கான்னுதான் பேரு, மறந்துர்றான்.

குழாயைத் திறந்து தலையைக் கீழே கொடுத்திருக்கிறேன். கறுப்பாக ஓடுகிறது, சாம்பலாக ஓடுகிறது, கழுத்தில் இறங்கிய கோடு மட்டும் தேய்த்தும் போகவில்லை, புதன்கிழமை வரை இருக்கும், இருக்கட்டும். சித்தி மாடிக்கே ஏறி வந்துவிட்டாள், கிறுக்கச்சி, கையில பூசத்தை வச்சுக்கிட்டு ஆயில்யம்னு சொல்லுவியா, உங்க அம்மாக்காரி மாதிரியே பிடிவாதம் என்று வாசலில் நின்று திட்டுகிறாள், திட்டிக்கொண்டே துண்டை நீட்டுகிறாள், இந்த வீட்டில் யாரும் என்னை அம்மா மாதிரி என்று இதுவரை சொன்னதில்லை. வைரவன் எழுதியிருக்கிறார், சொல்லிட்டீங்களா? சொல்லிட்டேன், நீங்களும் மாத்திச் சொல்லக் கூடாது, புதன்கிழமை சொட்டு மருந்தை எடுத்து வைங்க என்று ஈர விரலால் அடிக்கிறேன், எழுத்து மங்குகிறது, சரியாகத்தான் அடித்திருப்பேன். இன்னொரு நாள் பிறந்த ஊர் தைப்பிங் என்று போட்டு அந்தப் பூசத்தை அழகு பார்த்துக்கொள்ளலாம், யாருக்கும் காட்டாமல், வேறு யாருடையதோ நகை மாதிரி. கூண்டில் இரண்டு பேர் நின்றால் கொஞ்சம் நெருக்கந்தான். தள்ளி நில்லுங்கம்மா, நானும் வர்றேன்.